நேற்று யாரோடு சாப்பிட்டீர்கள்?

முதல் தடவை என்னிடம் சிகிச்சைக்கு வந்தபோது அந்தப் பெரியவர் சட்டைப்பையிலிருந்து, விரலில் மாட்டிப் பார்க்கும் ஒரு பல்ஸ் ஆக்ஸிமீட்டரையும் நோட்டையும் எடுத்து மேசையில் வைத்தார். மீட்டர் கொரோனா காலத்தில் வாங்கியது. நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, தேதி, நேரம், நாடித்துடிப்பு, ஆக்சிஜன் என்று நான்கு கட்டம். ஒரு நாளைக்கு 20 முறைக்கு மேல் பார்த்திருந்தார். அரசு பஸ்ஸில் 30 வருடம் டிக்கெட் கணக்கு எழுதிய கை. ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது.

"சாயங்காலம் 4 மணி ஆனா படபடன்னு வருது டாக்டர்."

ஈசிஜி, தைராய்டு, ஹீமோகுளோபின், சர்க்கரை எல்லாம் பார்த்தோம். எல்லாம் சரி. இதையெல்லாம் பார்க்காமல் 'மனசுதான் காரணம்' என்று சொல்லக் கூடாது என்பதில் நான் கறார். ரத்தசோகையும் தைராய்டுக் கோளாறும்கூடப் படபடப்பாக வரும். கூடவே நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் இருந்தால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை துடிப்பது இயல்பு. அவர் நோட்டில் இருந்ததெல்லாம் அதற்குள்தான். ஆனால் 92 என்று காட்டியதும் பயம். மறுபடி விரலை மாட்டினால், அந்தப் பயத்திலேயே 98.

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெல்ல விடுவது. மூச்சை வெளியே விடும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு இதயத்தைச் சற்று இழுத்துப் பிடிக்கும், துடிப்பு குறையும். அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் வந்தார்.

"நல்லாத்தான் இருக்கு டாக்டர். விட்டு முடிச்சப்புறம் என்ன பண்றது?"

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது, அது நியாயமான கேள்வி என்று. "நேத்து யாரோட சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. மனைவி போய் இரண்டு வருடம். பிள்ளைகள் பெங்களூரில். குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து காட்டினார். வரிசையாக ரோஜாப்பூ போட்ட காலை வணக்கங்கள். அவரைப் பார்த்துக் கேட்ட ஒரு கேள்விகூட இல்லை. பகல் முழுக்க நூற்றுக்கணக்கான பேர் சில்லறை கேட்டு, ஸ்டாப் கேட்டு, சண்டை போட்டுப் பழகிய மனிதர் இவர்.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூனில் வெளியிட்ட அறிக்கை, உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையுணர்வால் பாதிக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. ஆண்டுக்கு 8,71,000-க்கும் மேற்பட்ட மரணங்களோடு அதற்குத் தொடர்பு இருக்கிறதாம். அதைப் படித்த பிறகு, பசி, தூக்கம் கேட்பதுபோல் இந்தச் சாப்பாட்டுக் கேள்வியையும் கேட்டுவிடுகிறேன். இளைஞர்களிடமும்தான். "போனோடு" என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் நிறைய. (நானும் மதியம் அப்படித்தான்.)

கோயிலுக்குப் போங்கள், நடங்கள் என்று அவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் நடந்தார், விட்டுவிட்டார். பலன் கொடுத்தது என் யோசனையே இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் காலையில் சீக்கிரம் வேலை. "பசங்களை 8:10 பஸ்ல ஏத்திவிட முடியுமா அண்ணா?" என்று கேட்டிருக்கிறாள். இரண்டு பிள்ளைகளில் ஆரம்பித்து, இப்போது தெருவில் ஆறு பேர் அவரோடுதான் ஸ்டாப்புக்குப் போகிறார்கள்.

வயதானவர்களிடம் பாசமாகத்தான் சொல்கிறோம்: "நீங்க உழைச்சது போதும்பா, சும்மா உட்காருங்க." நான் பார்த்தவரை, பலருக்கு அந்தச் சும்மாதான் ஒத்துக்கொள்வதில்லை. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தும் வாடுகிறார்கள். தேடிவந்து ஒரு வேலை கேட்டால் நிமிர்கிறார்கள்.

எல்லாருக்கும் இது போதாது. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை, செத்தால் தேவலை என்று தோன்றுகிறது என்றால் அது மனச்சோர்வாக இருக்கலாம்; அதற்குச் சிகிச்சை வேண்டும். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் (டெலி மானஸ்) எந்த நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

போன மாதம் வந்தபோது நோட்டை வாங்கிப் பார்த்தேன். காலை நேரக் கட்டங்கள் காலி. சாயங்காலம் 4 மணிக்கு மட்டும் இன்னும் இரண்டு மூன்று எண்கள்.

"பசங்க திரும்பி வர்றது 4:40 பஸ் டாக்டர்" என்றார். "அதுக்கும் போய் நிக்கலாமான்னு பாக்குறேன்."