இருபது வருஷமா இதைத்தான் போடறேன் டாக்டர்

அவர் உள்ளே வருவதற்கு முன்பே வாசனை வந்துவிட்டது. மேலாக லாவெண்டர், அதற்கு அடியில் வெட்டிவேரும் தேவதாருவும், கடைசியில் மழை நனைத்த மரப்பட்டை மாதிரி ஒரு பாசி மணம். இந்த ரகத்தைப் போடுகிறவர்களைப் பார்க்காமலேயே ஓரளவு சொல்லிவிடலாம்: நாற்பதைத் தாண்டியவர், இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை, குரல் உயராது, சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பார். இவரும் அச்சு அசல் அப்படியே இருந்தார். கழுத்தின் இரண்டு பக்கமும் மட்டும் செக்கச்செவேலென்று தடித்து, சொறிந்து சொறிந்து தோல் உரிந்திருந்தது.

சென்ட்டாக இருக்கலாம் என்றேன். “இருபது வருஷமா இதைத்தான் போடறேன் டாக்டர், ஒண்ணும் ஆனதில்லையே!”

இந்தப் பதிலைக் கேட்காத தோல் மருத்துவர் இருக்க மாட்டார். அந்த இருபது வருஷத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஒவ்வாமை முதல் நாளே வருவதில்லை. உடலின் எதிர்ப்பு அமைப்பு ஒரு பொருளைத் திரும்பத் திரும்பச் சந்தித்து, ஏதோ ஒரு கட்டத்தில் அதை எதிரி என்று குறித்துக்கொள்கிறது. அது இரண்டாவது வாரமாகவும் இருக்கலாம், இருபதாவது வருஷமாகவும் இருக்கலாம். குறித்துக்கொண்டால் பெரும்பாலும் ஆயுசுக்கும் மறக்காது.

‘ஆண்மையான மணம்’ என்று நாம் நினைப்பதே ஒருவர் கற்பனையில் பிறந்ததுதான். 1882-இல் ஹூபிகான் நிறுவனத்துக்காக பால் பார்க்கே ‘ஃபூஜேர் ரோயால்’ என்ற வாசனையை உருவாக்கினார். ஃபூஜேர் என்றால் பிரெஞ்சில் பெரணிச் செடி. பெரணிக்குச் சொல்லும்படியான மணம் கிடையாது. இருந்திருந்தால் எப்படி இருக்கும் என்று லாவெண்டர், ஓக்மாஸ், அப்போது புதிதாக ஆய்வகத்தில் செய்யக் கற்றிருந்த கூமரின் என்ற மணப்பொருள் இவற்றைக் கலந்து பார்த்தார். பிறகு வந்த ஆண்கள் சென்ட்டுகளில் ஒரு பெரிய கூட்டம் அந்த வழியில் வந்ததே. (வெட்டிவேர் என்ற நம் சொல்லும் அப்படியே ‘வெட்டிவர்’ ஆகி பாரிஸ் பாட்டில்களில் ஏறியிருக்கிறது, அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமை.)

ஆனால் அந்தக் கம்பீரத்தைத் தருகிற ஓக்மாஸ்தான் எங்களுக்குப் பழைய தலைவலி. பெயரைப் பார்த்துப் பாசி என்று நினைக்க வேண்டாம், ஓக் மரப்பட்டையில் வளரும் லைக்கன் அது, பூஞ்சையும் ஆல்காவும் ஒன்றாகச் சேர்ந்து வாழும் உயிர். அதிலுள்ள அட்ரனால், குளோரோஅட்ரனால் என்ற வேதிப்பொருள்கள் இரண்டும் மிகக் குறைந்த அளவிலேயே ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் இவற்றுக்குத் தடை கொண்டுவந்து, 2021 ஆகஸ்டுக்குப் பிறகு இவை உள்ள பொருளை விற்கவே கூடாது என்றது. “புதுப் பாட்டிலில் பழைய மணம் இல்லை” என்று புலம்பும் ரசிகர்கள் சொல்வது பொய்யில்லை, இதுவும் ஒரு காரணம். அதற்காகப் பழைய இருப்பைத் தேடித் தேடி வாங்குகிறார்களே, அவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயம்.

லாவெண்டரும் லேசுப்பட்டதல்ல. அதிலுள்ள லினலூல் என்ற மணப்பொருள் புதிதாக இருக்கும்போது சாது. காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேர்ந்தபின் உருவாகும் ஹைட்ரோபெராக்சைடுகள்தான் தோலைச் சீண்டுகின்றன. எலுமிச்சை வகை மணங்களிலுள்ள லிமோனீன் கதையும் இதேதான். ஆகவே பாதி காலியாகி, குளியலறைச் சூட்டில் வருஷக்கணக்காக நிற்கும் பாட்டிலைத் தூக்கிப் போடுங்கள். ‘இயற்கை எண்ணெய்தானே’ என்ற சமாதானம் இங்கே செல்லாது.

அப்புறம் போடும் இடம். ஷேவ் செய்த கையோடு, பிளேடு மேல்தோலைச் சுரண்டிய இடத்திலேயே அடித்துக்கொள்கிறோம், வாசலைத் திறந்து வைத்து அழைப்பது மாதிரி. போட்டுக்கொண்டவர் மூக்கு சில நிமிடங்களில் அந்த மணத்துக்குப் பழகிவிடும், போதவில்லை என்று இன்னும் இரண்டு அடி அடிப்பார். ஒவ்வாமை இல்லாதவர்கள் சட்டையில் அடித்துக்கொள்ளலாம், ஷேவ் செய்த தோலை மட்டும் விட்டுவிடுங்கள்.

அவருக்கு முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்தோம், சந்தேகப்படும் பொருள்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை அது. 48 மணி நேரம் ஒட்டி வைத்து எடுத்துப் பார்த்து, இரண்டு நாள் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், ஏனென்றால் சில பொருள்கள் தாமதமாகத்தான் சிவக்கும். ஓக்மாஸ் சிவந்தது. சென்ட்டோடு சோப்பு, ஷேவிங் கிரீம் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னேன். வாங்கும்போது லேபிளில் ‘மணமற்றது’ என்று இருந்தால் நம்பிவிட வேண்டாம், வேறு வாடையை மறைக்க அதிலும் நறுமணப் பொருள் சேர்த்திருக்கலாம். ‘நறுமணம் சேர்க்கப்படாதது’ என்று தெளிவாக இருக்கிறதா பாருங்கள் என்றும் சொல்லி அனுப்பினேன்.

ஆறு வாரம் கழித்து வந்தபோது கழுத்து சுத்தமாக இருந்தது. ஆனால் மனிதர் எதையோ தொலைத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். “நான் ரூமுக்குள்ள வந்ததே யாருக்கும் தெரியல டாக்டர்” என்றார். கொஞ்சம் தயங்கி, அந்தப் பாட்டில் இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது, எப்போதாவது மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

விரலில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.