ரிஃப்ளெக்ஷன்: பிரதிபலிப்பா, மீள்நோக்கா?

‘ரிஃப்ளெக்ஷன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது: ‘ரெ’ என்றால் பின்னோக்கி, ‘ஃப்ளெக்டெரே’ என்றால் வளைத்தல். தெருமுனை ஃப்ளெக்ஸ் பேனருக்கும் இதே வேர்தான். கண்ணாடியில் பட்ட ஒளி திரும்புவதைக் குறிக்கும் இந்தச் சொல், எண்ணம் திரும்பிப் பார்ப்பதற்கும் ஆகிவந்தது.

கல்வியில் இதை ஊன்றியவர் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி. நாம் நம்புகிற ஒன்றுக்கு ஆதாரம் என்ன, அது எங்கே கொண்டுபோய் விடும் என்று விடாமல் ஆராய்வதைத்தான் அவர் 1910-இல் வந்த நூலில் ரிஃப்ளெக்ஷன் என்று அழைத்தார். 1983-இல் டொனால்ட் ஷோன் என்ற அமெரிக்க அறிஞர் அதைத் தொழிலுக்குக் கொண்டுவந்து, வேலைக்கு நடுவே சிந்திப்பது, முடிந்தபின் சிந்திப்பது என்று இரண்டாகப் பிரித்தார்.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் எழுத்து மையங்கள் உண்டு, மாணவர்கள் தாங்கள் எழுதும் கட்டுரைக்குப் பயிற்றுநரிடம் உதவி கேட்டு வருகிற இடம். அங்கே இது எப்படி நடக்கிறது? ஒரு மாணவர் கட்டுரையோடு வருகிறார், வாதம் பிடிபடவில்லை என்பது அவர் கவலை. பயிற்றுநரோ அமர்வு முழுக்கக் காற்புள்ளி திருத்துகிறார். பிறகு ‘இலக்கணம் பார்த்தோம், மாணவர் நன்றி சொன்னார்’ என்று குறிப்பு எழுதினால் அது வெறும் அறிக்கை. ‘பென்சில் பாதி நேரம் என் கையில்தான் இருந்தது, அவருடைய பாடம் எனக்குத் தெரியாது என்ற பயத்தில் தெரிந்த இலக்கணத்துக்குள் ஒளிந்துகொண்டேன், அடுத்த முறை முதல் பத்தியை அவரையே வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்’ என்று எழுதினால்தான் ரிஃப்ளெக்ஷன். எழுத்தை அல்ல, எழுதுகிறவரை மேம்படுத்துவதே எழுத்து மையத்தின் வேலை என்று எழுத்துக் கல்வி ஆய்வாளர் ஸ்டீஃபன் நார்த் 1984-இல் எழுதினார். அப்படியென்றால் பென்சில் யார் கையில் என்பது சின்ன விஷயம் இல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பலரும் ‘பிரதிபலிப்பு’ என்று போட்டுவிடுகிறார்கள். அது உள்ளதை அப்படியே காட்டுவது, ஏன் என்று கேட்காது. ‘எதிரொளிப்பு’ இயற்பியலுக்குப் போய்விட்டது, இலங்கைப் பாடநூல்களின் ‘தெறிப்பு’ம் அப்படித்தான். ‘சுயவிமர்சனம்’ என்றாலே கட்சிக் கூட்ட வாடை, தப்பை ஒத்துக்கொள்வதோடு நின்றுவிடும். நன்றாகப் போன அமர்வையும் ஏன் நன்றாகப் போனது என்று கேட்க வேண்டுமே! ‘அகநோக்கு’ மனத்தைப் பார்ப்பது, இங்கே பார்க்க வேண்டியது செய்த வேலையை.

என் தேர்வு ‘மீள்நோக்கு’. ‘மீள்’ லத்தீன் ‘ரெ’யோடு பொருந்துகிறது, ‘நோக்கு’ பார்வையையும் குறிக்கும், கருத்தையும் குறிக்கும். மீள்நோக்குக் குறிப்பு, மீள்நோக்கிச் செயல்படுபவர் என்று இழுத்த இழுப்புக்கு வரும்.

ஆனால் ஷோன் சொன்ன முதல் வகைக்கு, அதாவது வேலை நடக்கும்போதே விழித்துக்கொள்வதற்கு, இது ஒத்துவராது. அதற்கு நம் பேச்சிலேயே ‘சுதாரிப்பு’ இருக்கிறது. பாதி அமர்வில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ‘நீங்க என்ன சொல்ல வந்தீங்க?’ என்று கேட்கிற பயிற்றுநரை, சுதாரித்துக்கொண்டார் என்று சொல்வோமே தவிர வேறு எப்படிச் சொல்வோம்? தனித்தமிழ்க்காரர்கள் ஏற்க மாட்டார்கள், பரவாயில்லை.