மரத்தில் சிராய் எழுவது எப்படி?

இழைக்காத பலகையில் ஒரு திசையில் கையை ஓட்டினால் வழவழப்பாகப் போகும். எதிர்த்திசையில் ஓட்டினால் குத்தும். குத்துவதுதான் சிராய். சில ஊர்களில் சிலாம்பு என்பார்கள். ஒரு முனை மரத்தோடு ஒட்டியிருக்க, மறுமுனை மேலே கிளம்பி நிற்கும் நார்க்கற்றை அது.

மரத்தின் செல்களில் பெரும்பாலானவை தண்டின் நீளவாக்கில் அடுக்கிய நுண்குழாய்கள். பைன் மரத்தில் ஒவ்வொன்றும் சுமார் 3 முதல் 5 மில்லிமீட்டர் நீளம். அவற்றை ஒன்றோடொன்று ஒட்டிவைப்பது லிக்னின். நீளவாக்கில் இழுத்து மரத்தை அறுக்கப் பெரும் விசை வேண்டும். நாரை நாரிடமிருந்து குறுக்கே பிரிக்க அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஆகவே பிளவு எப்போதும் நார்களுக்கிடையே ஓடுகிறது. மூங்கிலில் குறுக்கே பிணைக்கும் ஆரச்செல்கள் அறவே இல்லை. அதனால்தான் மூங்கில் சிராய் அத்தனை நீளமாக வருகிறது.

இழைப்புளி ஓட்டுபவர் முதலில் பலகையின் பக்கவாட்டைப் பார்க்க வேண்டும். உளி போகும் திசையில் நார்க்கோடுகள் மேலேறினால் சரி. கீழிறங்கினால், உளி ஆப்பாக மாறி நாரைத் தூக்கும். பிளவு உளிக்கு முன்னால் மரத்துக்குள் இறங்கி, பள்ளமாகப் பெயர்த்துவிடும். அப்போது பலகையைத் திருப்பி வைத்து இழைப்பதுதான் முறை. நார் முறுக்கேறி இரு திசையும் ஒத்துவராத இடத்தில், உளியைத் தீட்டி, அதன்மேல் பொருத்திய தகட்டை வெட்டுமுனையிலிருந்து அரை மில்லிமீட்டருக்குள் கொண்டுவந்து, சீவலை மெலிதாக எடுக்கலாம். சீவல் உடனே மடங்கிவிடுவதால் பிளவு முன்னோட வழியில்லை.

பிளைவுட்டில் ரம்பப்பல் வெளியேறும் பக்கம்தான் சிராயும். கையில் பிடிக்கும் வட்ட ரம்பத்தின் பல் கீழிருந்து மேலே ஏறுவதால் நல்ல முகத்தைக் கீழே வைக்க வேண்டும். மேசை ரம்பத்தில் நேர்மாறு. வெட்டும் கோட்டைக் கத்தியால் முன்கூட்டியே கீறிவிட்டால் மேலுள்ள மெல்லிய மரத்தாளின் நார் அந்தக் கோட்டிலேயே அறுந்து நின்றுவிடும்.

விரலில் ஏறிய சிராயை நீரில் ஊறவைக்கக் கூடாது. மரம் உப்பி, பிசிறாக உடைந்துவிடும். பிதுக்கினாலும் உடையும். சோப்பால் கழுவித் துடைத்து, ஸ்பிரிட்டில் துடைத்த சாமணத்தால் முனையைப் பற்றி, நுழைந்த கோணத்திலேயே மெல்ல இழுக்க வேண்டும். நகத்தடியில் ஆழமாக ஏறியிருந்தாலோ உள்ளே உடைந்தாலோ மருத்துவரிடம் போவதே நல்லது. கடைசி டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் மரத்துண்டு பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும்.