விட்டு வந்த பிள்ளையை உடனே இன்னொரு வாசலுக்கு இழுக்காதீர்கள்

போன கிழமையும் ஒரு தாய் மகளை எங்கள் மனநலக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்கு இருபது வயதுதான் இருக்கும். சின்ன வயதிலிருந்து ஒரு மதக் குழுவுக்குள் வளர்ந்து, அதை விட்டு வந்து சில மாதங்கள். தாய் கதிரையில் உட்கார முதலே கேட்டார்: "மிஸ், ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயில்ல தீர்த்தம் ஆடினா இவளுக்குச் சரியாகிருமா?" ஊரின் பெயரும் மதத்தின் பெயரும்தான் மாறுகிறது, இந்தக் கேள்வி மாறுவதில்லை. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன். (ஆளை அடையாளம் காணாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மதத்தால் வந்த மனக்காயம் என்றால் மட்டக்களப்பில் எல்லோருக்கும் 2019 ஏப்ரல் 21 தான் ஞாபகம் வரும், சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த நாள். அது வெளியிலிருந்து வந்த வன்முறை, ஊரே கூடி அழுதது. தான் நம்பிக் கும்பிட்ட இடமே தன்னைப் பயமுறுத்தி, பாவி என்று சொல்லி, கேள்வி கேட்டதற்காக ஒதுக்கி வைத்தால் அதற்கு யார் கூடி அழுகிறார்கள்? சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் "உன் பாவம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனவர்கள் எல்லா மதத்திலும் இருந்தார்கள். அந்த ஒரு வசனத்தை இன்னும் சுமப்பவர்களை நான் பார்க்கிறேன்.

உளவியலாளர் மார்லின் வினெல் 2011இல் இதற்கு 'மத அதிர்ச்சி நோய்க்குறி' (Religious Trauma Syndrome) என்று ஒரு பெயர் வைத்தார். நோய்ப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் 1994இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் நான்காம் பதிப்பிலேயே, மத, ஆன்மீகப் பிரச்சினையை நோயாகக் கருதாமல், கவனம் தேவைப்படும் விஷயமாகச் சேர்த்துவிட்டார்கள். ஆகவே "இதெல்லாம் ஒரு வருத்தமா" என்று கேட்பவர்களுக்கு அதுவே பதில்.

இப்போது அந்தத் தாயின் கேள்விக்கு வருகிறேன். ஒரு வாசலில் பட்ட காயம் இன்னொரு வாசலில் ஆறும் என்று நினைக்கிறோம். ஆறாது. என்ன உடுப்பது, யாரோடு கதைப்பது, எந்தப் பாட்டைக் கேட்பது என்று எல்லாவற்றையும் வேறு யாரோ தீர்மானித்து, மீறினால் சாபம், நரகம் என்று சொல்லி வளர்த்த பிள்ளை அது. குழுவை விட்டு வந்தாலும் பயம் உடம்பில் இருக்கிறது. எங்கள் பகுதியில் ஒலிபெருக்கி கேட்காத நாள் உண்டா? அது போடும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் கை சில்லிட்டுப் போகிறது. அவளைக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி "கும்பிடு" என்றால் கும்பிடுவாள், ஏனென்றால் அவளுக்குப் பழக்கப்பட்டது கீழ்ப்படிவது ஒன்றுதான். நீங்கள் "பாருங்க, இப்ப அமைதியா இருக்கிறாள்" என்று சந்தோஷப்படுவீர்கள். அது சுகம் இல்லை, அதிகாரி மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

நான் அவளிடம் தேத்தண்ணியா கோப்பியா என்று கேட்டேன். தாயின் முகத்தைப் பார்த்தாள். வேலை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒன்றை, யாரையும் கேட்காமல், தனக்குப் பிடித்ததாகத் தெரிவு செய்யச் சொன்னேன். அடுத்த முறை வந்தபோது கைப்பையைத் திறந்து ஒரு சோடி பச்சைக் கண்ணாடிக் காப்பைக் காட்டிவிட்டு உடனே மூடிவிட்டாள். வாங்கிய இரவு தூங்கவில்லையாம், ஏதாவது நடந்துவிடும் என்ற பயத்தில். நடக்கவில்லை என்பதை உடம்பு நம்பப் பல காப்புகள் வாங்க வேண்டியிருக்கும். "நான் யார்" என்ற கேள்விக்கு இப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பதில் வருகிறது. கடவுளைப் பற்றிய கேள்வி அதற்குப் பிறகு, அவளாகக் கேட்கும்போது. சிலர் பழைய நம்பிக்கைக்கே வேறு மனதோடு திரும்புகிறார்கள், சிலர் வேறொன்றுக்குப் போகிறார்கள், சிலர் எதற்கும் போவதில்லை. எதுவானாலும் அது அவர்களுடையது. "எல்லாத்தையும் விட்டுத்தள்ளு" என்று அறிவுரை சொல்லும் ஆலோசகர்களுக்கும் இதையே சொல்கிறேன், அதுவும் கட்டளைதான்.

அப்புறம், பழைய கூட்டத்தை நினைத்து அழுதால் "இன்னும் அங்கதான் மனசு" என்று சண்டை பிடிக்காதீர்கள். அவள் சிநேகிதிகளை, பாட்டுகளை, ஒன்றாகச் சாப்பிட்ட நாட்களை இழந்திருக்கிறாள். அழட்டும்.

"மன்னிச்சு மறந்திரு" என்று அவசரப்படுத்த வேண்டாம். பேய் என்று அடிப்பது, பூட்டி வைப்பது, பட்டினி போடுவது, மிளகாய்ப் புகை காட்டுவது எல்லாம் துன்புறுத்தல், யார் சொல்லிச் செய்தாலும். விசுவாசம் போதும் என்று யாராவது மருந்தை நிறுத்தச் சொன்னால் நிறுத்தாதீர்கள், அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். பிள்ளையை யாராவது தொட்டிருந்தால், அடித்திருந்தால், ஊர் மானம் என்று வீட்டுக்குள் பேசி முடிக்காமல், சிறுவர் பாதுகாப்பு உதவி எண்ணான 1929க்கு அழையுங்கள். பூசகர், பாதர், பாஸ்டர், மௌலவி என்று எத்தனையோ பேர் "இது என் வேலை இல்லை, கிளினிக் போங்க" என்று எங்களிடம் அனுப்பி வைத்திருக்கிறார்கள். மற்றவர்களும் தயவுசெய்து அப்படிச் செய்யுங்கள்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஆதார வைத்தியசாலைகளிலும் கிளினிக் நடக்கிறது. சாக வேண்டும் என்று ஒரு தரம் சொன்னாலும் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டி வாருங்கள். இரவில் பயமாக இருந்தால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 எண்ணுக்கு அழையுங்கள், தமிழிலேயே கதைக்கலாம்.