திரைக்கு வெளியே ஓடும் படங்கள்

பாம்பனில் வாடை வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வந்துவிட்டால் அப்படியே தலைகீழ். இரண்டு கடலின் காற்றையும் ஈமேக்ஸ் என்கிற டெக்ஸ்ட் எடிட்டரில் ஒரே கோப்பில் குறித்து வருகிறேன். குறிப்புகளுக்கு நடுவே காற்றின் போக்கைக் காட்டும் ஜிஃப் அசைபடங்கள் பன்னிரண்டு. அவற்றை ஓடவிடும் சின்ன நிரலையும் நானே எழுதிச் சேர்த்திருந்தேன்.

கரண்ட் போன ஓர் இரவு. மடிக்கணினித் திரையில் வெறும் எழுத்துதான், ஆனால் அடிப்பக்கம் தொடையைச் சுட்டது, உள்ளே விசிறி இரைந்தது. மேலே ஸ்க்ரோல் ஆகிப்போன பன்னிரண்டு படங்களும் யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருந்தன.

ஜிஃப் 1987இல் வந்தது. அசைபடத்தின் ஒரு ஃப்ரேம், அதாவது அதிலுள்ள ஒரு தனிப்படம், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று நொடியில் நூறில் ஒரு பங்குக் கணக்கில் எழுதிவைக்கும் வசதி, 1989 பதிப்பில் சேர்ந்தது. அந்த நேரம் முடிந்ததும் ஒரு டைமர் ப்ராசஸரை எழுப்பும், நிரல் அடுத்த ஃப்ரேமை வரையும். என் படங்களில் ஒரு ஃப்ரேமுக்கு 0.1 நொடி. பன்னிரண்டு படம் என்றால் நொடிக்கு 120 தடவை ப்ராசஸரைத் தட்டி எழுப்புகிறோம்.

"இந்தப் படம் திரையில் இருக்கிறதா?" என்று டைமர் அடிக்கும்போதெல்லாம் கேட்டு, இல்லையென்றால் வரையாமல் விடலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதனால் வரைகிற வேலை குறையும், எழுப்புகிற வேலை குறையாது. ப்ராசஸர் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதே தொடர்ந்து தூங்கும் நேரத்தில்தான். ஆகவே மறைந்த படத்தின் டைமரை அடியோடு ரத்து செய்ய வேண்டும். ஸ்க்ரோல் செய்யும்போது, ஜன்னலின் அளவு மாறும்போது, மேலே புதுவரி சேர்ந்து படம் நகரும்போது மட்டும் எது தெரிகிறது என்று பார்த்தால் போதும்.

நின்ற படம் மறுபடி கண்ணில் படும்போது எந்த ஃப்ரேமில் தொடங்குவது? விட்ட இடத்திலிருந்து தொடரலாம்தான். ஆனால் வடகடல் படமும் தென்கடல் படமும் நாளின் ஒரே நேரத்தைக் காட்டினால்தானே ஒப்பிட முடியும்? ஒன்று திரைக்கு வெளியே போய்வந்தால் அதில் விடியற்காலை, மற்றதில் உச்சிவெயில் என்று ஆகிவிடும்.

கடலுக்குப் போகிறவர் தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று அறிய ராத்திரி முழுக்கக் கரையில் உட்கார்ந்திருப்பதில்லை. திதியையும் நேரத்தையும் வைத்துச் சொல்லிவிடுவார். படத்துக்கும் அதே கணக்குதான். 60 ஃப்ரேம், ஒரு சுற்றுக்கு 6 நொடி. தொடங்கி 47.3 நொடி ஆகியிருந்தால், ஏழு முழுச் சுற்றுக்கு 42 போக மீதி 5.3. அதாவது 53 ஃப்ரேம் கடந்துவிட்டது, காட்ட வேண்டியது 54ஆவது. தொடங்கிய நேரம் ஒன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இடையில் ஒரு வேலையும் வேண்டாம். எனக்கு இதில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. பல ஜிஃப்களில் ஒரு ஃப்ரேம் முழுப்படமாக இருப்பதில்லை, முந்தியதிலிருந்து மாறிய துண்டு மட்டுமே இருக்கும். 54ஐக் காட்ட முதலிலிருந்து 54 துண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். அறுபதையும் முழுப்படமாகவே வைத்துக்கொள்ளலாமா? 480க்கு 320 புள்ளி, புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு முழுப்படம் 6,14,400 பைட். அறுபதுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல் போகும், அதுவும் ஒரே ஒரு ஜிஃப்புக்கு. பத்துக்கு ஒன்றாக 1, 11, 21 என்று ஆறை மட்டும் வைத்தால் 37 லட்சத்துக்குள் அடங்கிவிடும். 54 வேண்டுமென்றால் 51ஐ எடுத்து மூன்று துண்டு ஒட்டினால் ஆயிற்று.

ஈமேக்ஸ் தன் பங்குக்கு, 300 நொடி காட்டப்படாத படத்தை நினைவகத்திலிருந்து தானே நீக்கிவிடும். அப்படிப் போன படம் திரும்பி வரும்போது கண் சிமிட்டும் நேரம் வெற்றிடம் தெரியும். அதற்காக, படம் திரையின் விளிம்பைத் தொட அரைப்பக்கம் இருக்கும்போதே அதைத் தயார் செய்யத் தொடங்குகிறேன்.