மணிக்கட்டு ஜவ்வு ஆபரேஷன்: ஸ்பிளிண்ட்டும் ஈ.எஸ்.ஐ. பணமும்

மணிக்கட்டு ஜவ்வுக்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதலில் கேட்பது, "கட்டு எப்போது பிரிப்பீர்கள்?" என்பதைத்தான். சம்பளத்தில் 0.75 சதவீதம் ஈ.எஸ்.ஐ.க்கு, அதாவது தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்கு, பிடிக்கப்படுகிறவர் அதற்கும் முன்பே ஒன்றைப் பார்க்க வேண்டும்: வேலையில் பட்ட அடி என்று அது பதிவாகியிருக்கிறதா?

கைக்கு என்ன மாட்டுவார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வீக்கம் வடியும்வரை பெரும்பாலும் அரை மாவுக்கட்டு. தையல் பிரித்த பிறகு முழு மாவுக்கட்டோ, வெந்நீரில் இளக்கிக் கையின் அளவுக்கே வளைத்துச் செய்யும் பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டோ (கையை அசையாமல் பிடிக்கும் தாங்கி) வரும். எந்த ஜவ்வு கிழிந்தது என்பதைப் பொறுத்து வடிவம் மாறும். மணிக்கட்டு நடுவிலுள்ள சிறு எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு என்றால் முழங்கைக்குக் கீழே நின்றுவிடும். சில சமயம் கட்டை விரலையும் சேர்ப்பார்கள். சுண்டுவிரல் பக்கத்து ஜவ்வு என்றால் சாவி திருப்புவதுபோல் கை புரளக் கூடாது. அதனால் முழங்கையையும் சேர்த்துப் பிடிக்கிற மாதிரி போடுவது உண்டு. மருந்துக் கடையில் கிடைக்கும் வெல்க்ரோ பட்டை கை மடங்குவதைத் தடுக்குமே தவிர, புரளுவதைத் தடுக்காது. விலை குறைவு என்று அதற்கு மாறிவிடாதீர்கள். பிளாஸ்டிக் ஸ்பிளிண்ட்டை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டால் வளைந்துபோகும்.

ஈ.எஸ்.ஐ.யில் சிகிச்சையின் பகுதியாக வரும் இத்தகைய உபகரணங்களும் இலவசம்தான். ஆகவே நீங்களாக வாங்கிவிட்டு அப்புறம் பில்லை நீட்டுவதைவிட, சீட்டில் எழுதச் சொல்லி அங்கேயே கேட்பது நல்லது.

இனி பணம். வேலைக்குச் சம்பந்தமில்லாத காயம் என்றால் நோய்க்காலப் பணப்பயன்: தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. முதல் இரண்டு நாள் பொதுவாகக் கணக்கில் வராது. அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலையில் நேர்ந்த விபத்து என்றால் தற்காலிக ஊனப் பணப்பயன்: 90 சதவீதம். சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும் உண்டு. இயலாமை நீடிக்கும்வரை கிடைக்கும். தினக்கூலி 500 ரூபாய் என்றால் 350க்கும் 450க்கும் உள்ள வித்தியாசம். அதைவிட முக்கியம் இந்த 91 நாள். பதின்மூன்றே வாரம்! ஸ்பிளிண்ட் கழற்றினாலும் உடனே பாரம் தூக்க முடியாது; தறியிலோ கட்டிங் மேசையிலோ நிற்பவருக்கு அந்தக் கெடு சுலபமாகத் தாண்டிவிடும்.

அதனால்தான் நிர்வாகம் அனுப்பும் விபத்து அறிக்கை முக்கியம். அடிபட்டதும் மேற்பார்வையாளரிடம் சொல்லி, விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். "லேசான சுளுக்குதான்" என்று விட்டு, மூன்று வாரம் கழித்து ஸ்கேனில் கிழிசல் தெரிந்தால் நிரூபிக்கப் படாதபாடு பட வேண்டியிருக்கும். வேலைக்குப் போகிற, திரும்புகிற வழியில் நேர்ந்த விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இதில் சேரும்.

பணம் வாங்கும் நாட்களில் வேறெங்கும் கூலி வேலை செய்யக் கூடாது. மருத்துவர் சொன்னதை மீறிக் குணமாவதைக் கெடுக்கவும் கூடாது. ஸ்பிளிண்ட்டைக் கழற்றிவிட்டு பைக் ஓட்டுவதும் அந்தக் கணக்கில் வரலாம். பதிலுக்கு, அந்த நாட்களில் உங்களை வேலையைவிட்டு நீக்க முதலாளிக்கும் உரிமையில்லை.

எல்லாம் முடிந்தும் மணிக்கட்டு முழுதாக மடங்கவில்லை, பிடிமானம் திரும்பவில்லை என்றால், வேலை விபத்தாகப் பதிவானவர் மருத்துவக் குழுவிடம் போகலாம். சம்பாதிக்கும் திறன் எவ்வளவு போயிற்று என்று அவர்கள் கணிப்பதைப் பொறுத்து நிரந்தர ஊனப் பணப்பயன் முடிவாகும்.