நூறு நாள் வேலையும் சமூகத் தணிக்கையும்: கிராம சபையின் உரிமை

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம், 2005-இன் 17-ஆவது பிரிவு, ஊராட்சியில் நடக்கும் பணிகளைக் கண்காணித்துச் சமூகத் தணிக்கை செய்யும், அதாவது கணக்கில் உள்ளது களத்தில் இருக்கிறதா என்று ஊர் மக்களே சரிபார்க்கும், பொறுப்பைக் கிராம சபையிடம் அளித்தது. வருகைப் பதிவேடு, பில்கள், ரசீதுகள், அளவுப் புத்தகம், அனுமதி ஆணை நகல் ஆகியவற்றை அதற்காக ஊராட்சி காட்டியாக வேண்டும். இச்சட்டத்துக்கு மாற்றாக 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய, 125 நாள் வேலைக்கான சட்டத்திலும் சமூகத் தணிக்கை இடம்பெற்றுள்ளது.

இந்த முறைக்கு வித்திட்டவர்கள் ராஜஸ்தானின் கிராமத் தொழிலாளர்கள். மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994-இல் பாலி மாவட்டத்தின் கோட் கிரானாவில் தொடங்கி, ஊர் ஊராகப் பொதுவிசாரணை நடத்தி, அரசுப் பதிவுகளை மக்கள் முன் வாசித்துக் காட்டியது.

நடைமுறையை வகுத்தவை, இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரைக் கலந்தாலோசித்து 2011-இல் வெளியிடப்பட்ட தணிக்கை விதிகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் தணிக்கை நடக்க வேண்டும். திட்டத்தைச் செயல்படுத்தும் துறையின் தலையீடு இல்லாத தனி அமைப்பு ஒன்று இதற்கு உதவ வேண்டும். தமிழ்நாட்டில் தமிழ்நாடு சமூகத் தணிக்கைச் சங்கம் அந்த வேலையைப் பார்க்கிறது. தணிக்கைக்கு வருபவர் அதே ஊராட்சியில் குடியிருப்பவராக இருக்கக் கூடாது என்ற விதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனெனில் உள்ளூர்க்காரர் ஒருவர் பக்கத்து வீட்டுப் பணித்தளப் பொறுப்பாளரைக் குற்றம் சொல்லிவிட்டு மறுநாள் அதே தெருவில் நடமாட வேண்டியிருக்கும்.

ஆவணங்கள் கிராம சபைக் கூட்டத்துக்குப் பதினைந்து நாட்களுக்கு முன்பே தணிக்கை அமைப்பின் கைக்கு வந்துவிட வேண்டும். பிறகு பதிவேட்டில் உள்ள பெயர்களை வைத்துக்கொண்டு வீடு வீடாகச் செல்கிறார்கள். ஒரு வாரம் முழுக்க வேலை செய்ததாகப் பதிவாகியிருக்கும் பெண்ணிடம், அந்த வாரம் வேலைக்குப் போனாரா, கூலி வங்கிக் கணக்கில் ஏறியதா என்று கேட்டு, அவரது வேலை அட்டையோடு ஒப்பிடுகிறார்கள். வரத்துக்கால்வாய் தூர்வாரியதாகக் கணக்கு இருந்தால், அளவுப் புத்தகத்தில் எழுதியுள்ள நீளமும் ஆழமும் அங்கே இருக்கின்றனவா என்று டேப் பிடித்துப் பார்க்கிறார்கள். இறந்துபோனவர் பெயரில் கூலி எடுக்கப்பட்டிருந்தால், கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரியாமல் போகலாம். தெருவில் எல்லோருக்கும் தெரியும்.

கண்டறிந்தவை அனைத்தும் கிராம சபையில் வாசிக்கப்படுகின்றன. யார் வேண்டுமானாலும் எழுந்து கேள்வி கேட்கலாம். அறிக்கையை உள்ளூர் மொழியில் எழுதி ஊராட்சி அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்பதும் விதி.

இதுவரை எல்லாம் சரி. கோளாறு அதற்குப் பிறகுதான். முறைகேடு செய்யப்பட்ட பணத்தை மீட்பதும் தவறு செய்தவர் மீது நடவடிக்கை எடுப்பதும் மாநில அரசின் பொறுப்பு. தணிக்கை செய்தவர்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது. 2005 சட்டத்தின் 25-ஆவது பிரிவு விதித்த அபராதமோ அதிகபட்சம் 1,000 ரூபாய். அந்தத் தொகைக்கு அஞ்சி யாரும் கையை மடக்கிக்கொள்ளப் போவதில்லை. மேகாலயா ஒரு படி மேலே போய், 2017-இல் பல நலத் திட்டங்களுக்கும் சேர்த்துச் சமூகத் தணிக்கைக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது.

ஆகவே கிராம சபைக்குப் போகிறவர்கள், புதிய அறிக்கையை வாசிக்கத் தொடங்கும் முன், சென்ற தணிக்கையில் எழுதப்பட்ட குறைகளில் எவை தீர்ந்தன, எவ்வளவு பணம் மீட்கப்பட்டது என்று கேட்டு, அந்தக் கேள்வியையும் பதிலையும் தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்ல வேண்டும்.